தூங்குமூஞ்சியின் மருந்துக்கடை

சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பு என்று பேர். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகள் துவைத்துப் பிழிந்து, சூடான உருளைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும் இடத்தில் அவள் நிற்பாள். எதிரே ஒருத்தி இரண்டு முனையைப் பிடிக்க, இவள் இரண்டு முனையைப் பிடிக்க, நான்கு மடிப்பு. முனைக்கு முனை மயிரிழை பிசகாது. மடிப்பு அக்கா கண்ணை மூடிக்கொண்டே மடிப்பாள் என்று புதிதாக வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். பாதி நேரம் அவள் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றாள். இருபத்தோரு வருஷம் அந்த ஆவியில் நின்ற கால்கள் சும்மா விடுமா.

வயது நாற்பத்தொன்பது. கைபேசியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சையைத் தொட்டால் பேசலாம், சிவப்பைத் தொட்டால் வைத்துவிடலாம் என்பதுதான். அப்படிப்பட்டவள் ஒரு விளையாட்டுச் சந்தையில் எட்டு மாதம் தினந்தோறும் நஷ்டத்துக்கு வியாபாரம் பண்ணினாள். தெரியாமல் பண்ணவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்து, ஒவ்வொரு புட்டிக்கும் எவ்வளவு கையை விட்டுப் போகிறது என்று தெரிந்துதான் பண்ணினாள். சந்தையில் இருந்தவர்கள் அவளைப் பைத்தியம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவளுக்கு ஒரே மகன். இருபத்து மூன்று வயது. வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வேலை போக மிச்ச நேரத்தில் பாதி தூக்கம், பாதி கைபேசி. ஆறு மணிக்கே எழுந்து அடுப்புக்கும் தண்ணீருக்கும் அல்லாடுகிற அம்மாவுக்கு, எட்டு மணிக்கும் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற பிள்ளையைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். "எந்திரிடா தூங்குமூஞ்சி" என்பதில்தான் அந்த வீட்டில் பொழுது விடியும். அதைத் திட்டு என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் அதையே பேராக வைத்துக்கொண்டு முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேரோடு விளையாடிக்கொண்டிருந்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அன்று காலையும் அவன் சமையலறை வாசலில் நின்று கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஆறிப் போகுதுடா, வந்து சாப்பிடு."

"ஒரு நிமிஷம்மா. கடையைத் தொறந்து வெச்சுட்டு வந்துடறேன்."

"பெரிய கடை. வீட்டு வாடகை குடுக்க வக்கில்ல, கடையாம்."

அவன் சிரித்தான். சாப்பிட்டான். தட்டைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பினான். பதினொரு மணிக்கு முன்பே ஒரு திருப்பத்தில், பக்கத்தில் வந்த லாரிக்காரன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. வண்டியும் போயிற்று, கைபேசியும் போயிற்று, பிள்ளையும் போனான். தொட்டியில் கிடந்த தட்டை அவள் மூன்று நாள் கழித்துக் கழுவினாள். அந்தக் கடைசிப் பேச்சில் வக்கில்லை என்று ஒரு வார்த்தை விட்டோமே என்பது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

நாற்பது நாள் போனது. அலமாரியில் துணிகளுக்கு அடியில் அவனுடைய பழைய கைபேசி கிடைத்தது. கண்ணாடி விரிசல் விட்டு, அவன் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியிருந்தான். மின்னேற்றிப் பார்த்தாள். அந்த விளையாட்டின் படம் அதில் இருந்தது. தொட்டாள். தூங்குமூஞ்சி என்று பேர் காட்டி, கடவுச்சொல் கேட்டது. அவன் பிறந்த தேதி, அவள் பிறந்த தேதி, வண்டி எண் என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். மூன்று தடவைக்கு மேல் அது அவளை உள்ளே விடுவதாக இல்லை. அந்த நிறுவனத்துக்கு விவரத்தைச் சொல்லி, சலவைக்கூடத்துக் கணக்கரைப் பிடித்து ஒரு கடிதம் எழுதவைத்தாள். உங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அதோடு சரி.

புதிய ஆளாக வேண்டுமானால் வரலாம் என்று திரை சொன்னது. சரி, வருவோம் என்று வந்தாள். பேர் கேட்டது. அம்மா என்று போட்டாள். அந்தப் பேரை ஏற்கெனவே எவனோ எடுத்துக்கொண்டிருந்தான். மடிப்பு என்று போட்டாள். அதற்குப் போட்டியில்லை.

முதல் வாரம் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. கிணற்றில் விழுந்து செத்தாள். ஒரு கோழி கொத்திச் செத்தாள். வழி கேட்ட ஆளிடம் வாள் சண்டைக்குச் சம்மதம் என்று பொத்தானை அழுத்திச் செத்தாள். ஆனால் எல்லாருடைய தலைக்கு மேலும் அவரவர் பேர் மிதந்தது. அதுதான் அவளுக்குப் பிடி. எங்காவது அந்தப் பேர் மிதக்காதா என்று பேருந்தில், இடைவேளையில், அடுப்படியில், ஊர் ஊராகத் தேடினாள். எதற்குத் தேடுகிறோம் என்று அவளைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

பதினோராம் நாள், பாலத்தடிச் சந்தையில், ஒரு மரத்தின் கீழே அவன் உட்கார்ந்திருந்தான்.

சடைமுடியும் பச்சைச் சட்டையுமாக ஒரு பொம்மை. தலைக்கு மேல் தூங்குமூஞ்சி. முன்னால் விரித்த துணியில் வரிசையாகச் சிவப்புப் புட்டிகள். சண்டையில் காயம் பட்டவர்கள் குடிக்கிற மருந்து. அவள் பக்கத்தில் போனதும் அந்தப் பொம்மை நிமிர்ந்து வலது கையைத் தூக்கியது. அது சொன்னதுபோல மேலே எழுத்து வந்தது: 'புட்டி நாப்பது காசு. பேரம் பேசாதீங்க. சாப்பிட்டு வரேன்.'

பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் என்னம்மா, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ போயிருந்தாள்.

அந்தச் சந்தையின் வழக்கம் அவளுக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. கடை விரித்தவன் விளையாட்டை விட்டு வெளியே போனாலும் அவன் பொம்மை அங்கேயே உட்கார்ந்து விற்றுக்கொண்டிருக்கும். மாதமானாலும் இருக்கும். சரக்கு தீர்ந்தால்தான் கடை தானாகச் சுருட்டிக்கொள்ளும், பொம்மையும் மறைந்துவிடும். துணியின் ஓரத்தில் மிச்சச் சரக்கின் எண் தெரியும். அவள் முதலில் பார்த்தபோது அறுநூற்றுப் பன்னிரண்டு. எவ்வளவு சரக்கு செய்து வைத்திருக்கிறான், இவனைப் போய்ச் சோம்பேறி என்றோமே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் ஐந்நூற்றுத் தொண்ணூறு. அதற்கடுத்த நாள் ஐந்நூற்று எழுபத்தொன்று.

சரக்கு தீர்ந்தால் பிள்ளையும் மறைந்துவிடுவான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வருகிறவன் போகிறவனெல்லாம் பத்தும் இருபதுமாக அள்ளிக்கொண்டு போனான். அவள் கடைக்கு முன்னால் போய் மறித்து நின்றாள். அவளை ஊடுருவிக்கொண்டு வாங்கினார்கள். 'இங்க வாங்காதீங்க' என்று எழுதினாள். சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகளைப் பதிலுக்கு அனுப்பினார்கள். அவளே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றால், வாங்கினாலும் கடை காலிதான். எண் நானூற்று முப்பத்தொன்றில் வந்து நின்ற நாளில், உருளைக்கு முன்னால் ஒரு விரிப்பை மூன்றாக மடித்துவிட்டு அவள் அப்படியே நின்றாள். மேற்பார்வை பார்க்கிற அக்கா வந்து தோளைத் தொட்டாள்.

"மடிப்பு, வீட்டுக்குப் போறியா?"

"இல்லக்கா. ஒரு யோசனை."

யோசனை சலவைக்கூடத்திலிருந்தேதான் வந்தது. போன வருஷம் பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு சலவைக்கூடம் திறந்தார்கள். விரிப்புக்குக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்து வாங்கினார்கள். அவ்வளவுதான், ஓட்டல்காரர்கள் மூட்டையை அங்கே திருப்பிவிட்டார்கள். மூன்று வாரம் இவர்களுடைய உருளை சூடேறாமல் கிடந்தது. ஒரு கடையில் சரக்கு நகராமல் இருக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று வயிறு காய்ந்து கற்றுக்கொண்டவள் அவள்.

மறுநாள் தூங்குமூஞ்சியின் கடைக்கு ஒட்டினாற்போல ஒரு புதுக்கடை வந்தது. அதே சிவப்புப் புட்டி. முப்பத்தெட்டுக் காசு.

கூட்டம் இரண்டு எட்டு நகர்ந்து இவளிடம் வந்தது. அன்றைக்கு அவன் கடையில் ஒரு புட்டி போகவில்லை. பிள்ளை போன பிறகு அவள் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனால் புட்டி மரத்திலா காய்க்கிறது? செய்வதற்கான தேர்ச்சி அவளுக்கு இல்லை. ஊரின் மறுகோடியில் வடக்கு வாசலில் நாற்பத்தொன்றுக்கு வாங்கி, சுமந்து வந்து, முப்பத்தெட்டுக்கு விற்றாள். புட்டிக்கு மூன்று காசு கையைக் கடிக்கும். அதை ஈடுகட்ட இலை பறித்தாள். விளையாட்டில் இருப்பதிலேயே கீழான வேலை அது. அன்று வந்த சுண்டைக்காய்கள்தான் செய்யும். இலைக்கு இரண்டு காசு. பேருந்தில் போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம், கட்டைவிரல் தேயத் தேயப் பறித்தாள். வேலைக்குள் நுழையும்போது கைபேசியைப் பூட்டுப்பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்பது கூடத்தின் சட்டம். அதற்கு முன் தன் கடையில் இருநூறு புட்டியை நிரப்பி வைத்துவிடுவாள். புது ஆளின் கடை அதற்கு மேல் கொள்ளாது. அந்த இருநூறும் தீர்ந்துபோனால் கூட்டம் அவனிடம் திரும்பிவிடும். அதனால் இடைவேளை மணி அடித்ததும் மற்றவர்கள் கழிப்பறைக்கு ஓட, இவள் பூட்டுப்பெட்டிக்கு ஓடினாள். திறந்ததும் முதலில் அவன் எண். அப்புறம்தான் தன் எண்.

புருஷன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறவர். பிள்ளை போன பிறகு அவர் வீட்டில் பேசுவதையே நிறுத்தியிருந்தார். இவள் கைபேசியும் கையுமாக இருப்பதைப் பார்ப்பார், போய்விடுவார். ஏதோ அவளுக்குப் பொழுது போனால் சரி என்று இருந்தார்.

அந்தச் சந்தையில் நல்லதும் கெட்டதுமாக எத்தனையோ பார்த்தாள். ஒரு நாள் எதிர் வரிசையில் அம்பு விற்கிற ஒரு கடைக்கு முன்னால் ஐம்பது அறுபது பேர் வரிசை கட்டி நின்றார்கள். ஆளுக்கு ஒன்று இரண்டு என்று வாங்கினார்கள். கடைசி அம்பு போனதும் அந்தப் பொம்மை மறைய, கூடியிருந்தவர்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றார்கள். பிறகு வானத்தைப் பார்த்து வாணம் விட்டார்கள். ஏதோ மலிவு விற்பனை போலிருக்கிறது, ராசிக்கார ஆள் என்று நினைத்துக்கொண்டு அவள் இலை பறிக்கப் போய்விட்டாள். அதைப் பற்றி யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

ஐந்தாம் மாதம் பெரிய சண்டை ஒன்று வந்தது. இரண்டு கூட்டத்தாருக்குள் கோட்டைக்காக அடிதடி. மருந்து விலை ஒரே நாளில் எழுபதுக்குத் தாவியது. எழுபதுக்கு வாங்கி முப்பத்தெட்டுக்கு விற்க இலையெல்லாம் எந்த மூலைக்கு? அவள் திகைத்து நின்ற ஒரே பகலில், நாற்பது என்று வெள்ளந்தியாக உட்கார்ந்திருந்த தூங்குமூஞ்சியிடமிருந்து அறுபது புட்டியைச் சூறையாடிவிட்டார்கள். எண் முந்நூற்று எழுபத்தொன்று.

விளையாட்டை நடத்துகிற நிறுவனத்தாரே ஒரு வழியும் வைத்திருந்தார்கள். நிஜப் பணத்தைக் கட்டினால் காசு தருவார்கள். அவள் அந்த மாதம் கூடுதல் நேரம் நின்று வாங்கிய சம்பளம் முழுவதையும் கட்டினாள். வங்கியின் குறுஞ்செய்தி புருஷனின் கைபேசிக்குப் போகும் என்பதை மறந்துபோனாள்.

அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்த வாளியோடு உள்ளே வந்தார்.

"என்ன இது?"

அவள் சொன்னாள். மருந்து வாங்கியது, எழுபது, முப்பத்தெட்டு எல்லாம் சொன்னாள். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"காசைக் கொட்டி வாங்கி நஷ்டத்துக்கு விக்கிறியா? உனக்கு மூளை கலங்கிப் போச்சா? இந்த எழவால தானே அவன் ராப்பகலா..."

அவள் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். தன் பொம்மையை நடத்திக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்தினாள். சடைமுடிக்காரன் நிமிர்ந்து கையைத் தூக்கினான்.

அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வாளியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது.

"பேர் பாரு," என்றார். "நீ வெச்ச பேரு."

"சரக்கு தீந்தா போயிடுவான். அதுக்குத்தான்."

"எவ்வளவு மிச்சம்?"

"முந்நூத்தி எழுவத்தொண்ணு."

அவர் பாக்கெட்டிலிருந்து டீசலுக்கு வைத்திருந்ததை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். சண்டை பன்னிரண்டு நாள் நடந்தது. அந்த மாதம் வாடகை நின்றது, அவள் காதில் இருந்தது போயிற்று. எண் முந்நூற்று எழுபத்தொன்றிலேயே நின்றது. அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் அந்தப் படத்தைப் பார்க்கக் கேட்கவில்லை. பார்க்கிற தெம்பு இல்லை. ஆனால் தினமும் அவள் வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்பார்.

"இருக்கானா?"

"இருக்கான்."

அதுதான் அந்த வீட்டின் பேச்சு. அதற்குப் பிறகு இருவரும் சாப்பிட உட்காருவார்கள்.

சந்தையில் அவளுக்கு எதிரிகள் முளைத்திருந்தார்கள். மருந்து செய்து பிழைக்கிறவர்களுக்கு அவள் கண்ணில் விழுந்த தூசி. அதில் முக்கியமானவன் ஓட்டைவாளி என்று பேர் வைத்துக்கொண்ட ஒருவன். சந்தையின் பெரிய மருந்து வியாபாரி. சந்தையைக் குட்டிச்சுவராக்க வந்தவள் என்று அவளைத் திட்டிக்கொண்டே இருந்தான். அவள் வாயே திறக்க மாட்டாள். வாயைக் கொடுத்தால் இலை பறிக்கிற நேரம் போகும்.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள், இடைவேளை முடிய ஆறேழு நிமிஷம் இருக்கும்போது, அவன் அவள் கடைக்கு முன்னால் வந்து நின்றான். அன்று திட்டவில்லை.

'ஒரே ஒரு கேள்வி. வேற எங்கயும் கடை போடாம ஏன் தூங்குமூஞ்சி பக்கத்துலயே போட்டிருக்கீங்க? அவன் விலையை விட ரெண்டு காசு கம்மியா வெச்சு அவன் சரக்கை ஏன் நகர விடாம பண்றீங்க? அவன் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணான்?'

அவள் எழுத்தைத் தேடித் தேடி அழுத்துவதற்குள் அடுத்தது வந்தது.

'எனக்குக் கை உடைஞ்சு மூணு மாசம் கெடந்தேன். ஒத்தைக் கையால விளையாடுவேன். அப்ப தினமும் மருந்து சும்மா குடுத்தவன் அவன். அவன் எங்க போனான்னு தெரியல. திரும்பி வந்து பாத்தா சரக்கு அப்படியே கெடக்கும். ஒரு நல்லவன் வயித்துல அடிக்கிறீங்க. மனசாட்சி இருக்கா?'

அவளை யாரும் என்ன சொல்லியும் தாங்கியிருப்பாள். அவன் வயிற்றில் அடிக்கிறாள் என்ற சொல் அவளை உலுக்கிவிட்டது. உடனே எழுதினாள்.

'நான் அவன் அம்மா. அவன் இல்லப்பா. பத்து மாசம் ஆகுது. லாரி மோதிடுச்சு.'

அவள் தொடர்ந்து எழுத ஆரம்பித்தாள். 'அவன் சரக்கு' என்று எழுதியிருப்பாள், மணி அடித்தது. மேற்பார்வை அக்கா வாசலில் நின்று கையைத் தட்டினாள். மாலையில் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கைபேசியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பத்து மாதத்தில் வெளி ஆள் ஒருவனிடம் அதைச் சொன்னது அன்றுதான். நெஞ்சு கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது. என் பிள்ளை முகம் தெரியாதவனுக்கு மருந்து கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே மடித்தாள். அன்று மத்தியானம் அவள் கண்ணை மூடவில்லை. எதிரே நின்றவளிடம் வேறு ஏதோ சொல்லிச் சிரித்ததாகவும் பிறகு சொன்னார்கள்.

ஐந்தரைக்குப் பெட்டியைத் திறந்தாள். பழக்கம்போல முதலில் அவன் எண்ணைப் பார்த்தாள்.

எண் இல்லை. துணி இல்லை. மரம் இருந்தது, மரத்தடியில் புல் இருந்தது. 'இடம் காலி' என்று ஒரு சின்னப் பலகை இருந்தது.

பக்கத்தில் அவளுடைய இருநூறு புட்டியும் இருநூறாகவே இருந்தன. முதல் முறையாக அவள் கடையில் ஒன்றுகூடப் போகவில்லை.

மரத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையாக ஆட்கள் நின்றார்கள். கவசம் போட்டவர்கள், குதிரைக்காரர்கள், கோட்டைக்கு அடித்துக்கொண்ட இரண்டு கூட்டத்தாரும்கூட. எல்லாரும் தலையைக் குனிந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் விலகி வழி விட்டார்கள். ஓட்டைவாளி முன்னால் வந்தான்.

'அம்மா, உங்களைத் திட்டுனதுக்கெல்லாம் மன்னிச்சிடுங்க. பிள்ளை பக்கத்துல உக்காரத்தான் வந்தீங்கன்னு இந்த மரமண்டைக்குப் புரியல. எங்க சந்தையில ஒரு வழக்கம் இருக்கு. ஒரு வியாபாரி இனி வரமாட்டான்னு தெரிஞ்சா, அவன் கடையில ஒண்ணு கூட மிச்சம் இருக்கக் கூடாது. சரக்கு விக்காமக் கெடக்குறது அவனுக்கு அவமானம். எல்லாருக்கும் சொல்லி அனுப்பினேன். வரிசை பாலத்தைத் தாண்டி நின்னுச்சு. ஆளுக்கு ஒண்ணு ரெண்டுக்கு மேல யாரையும் எடுக்க விடல. ஒரு புட்டி கூடத் தங்கல அம்மா.'

அவள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். அம்புக் கடை அவள் நினைவுக்கு வந்தது.

'கடைசிப் புட்டி வேற யாருக்கும் போகக் கூடாதுன்னு நானே வாங்கி வெச்சிருக்கேன். அது உங்களுக்கு.'

திரையின் நடுவில் ஒரு பெட்டி திறந்தது. அதற்குள் ஒரே ஒரு சிவப்புப் புட்டி. கீழே சின்ன எழுத்தில், செய்தவர் தூங்குமூஞ்சி. அந்த ஒன்றை மட்டும் அவன் விட்டு வைத்திருந்தால் பிள்ளை இன்னும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். யாராவது பக்கத்தில் போனால் கையைத் தூக்கியிருப்பான். சாப்பிட்டு வரேன் என்று சொல்லியிருப்பான்.

பூட்டுப்பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர்களை வாய்விட்டுச் சபிக்க வேண்டும்போல இருந்தது. எட்டு மாதம், என் கட்டைவிரல், என் காது, அவருடைய டீசல், எல்லாவற்றையும் ஒரு மத்தியானத்தில் வாரிக்கொண்டு போய்விட்டீர்களே என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் திரையில் அத்தனை தலையும் குனிந்திருந்தது. உண்மையைச் சொன்னால் இத்தனை பேரும் இன்று தூங்க மாட்டார்கள். கை உடைந்தவன் தன் கையை நொந்துகொள்வான். அவள் பிள்ளை மருந்து கொடுத்துத் தேற்றிய கை அது.

'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினாள். புட்டி அவள் பைக்கு வந்தது.

'ரொம்ப நன்றிப்பா,' என்று எழுதினாள். 'எல்லாரும் நல்லா இருக்கணும். அவன் பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பான்.'

வாணங்கள் வெடித்தன. அவள் சத்தத்தை அணைத்துவிட்டாள். பேருந்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். நாற்பது நிமிஷமும் கட்டைவிரலை என்ன செய்வதென்று தெரியவில்லை. இலை பறிக்க வேண்டியதில்லை.

வீட்டு வாசலில் வேன் நின்றது. அவர் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே மேசையில் இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தார்; அவளுக்கு முன்னால் வந்தால் வைப்பார். அவள் ஒரு செருப்பைக் கழற்றினாள்.

"இருக்கானா?" என்றார், துடைப்பதை நிறுத்தாமல்.

இருக்கான் என்று சொல்லிவிடலாம். அவர் பார்க்கக் கேட்க மாட்டார். நாளைக்கும் கேட்பார், நாளைக்கும் சொல்லலாம். வாய்வரைக்கும் வந்தது. அந்த ஒரு பொய்யை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

"போயிட்டான்," என்றாள்.

பத்து மாதத்தில் அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில்கூட அவர்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. ஒரு தாளில் கையெழுத்துதான் வாங்கினார்கள். அவர் துணியைக் கையில் பிடித்தபடி வேனின் படியில் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு முகத்தை அந்த ஈரத்துணியில் புதைத்துக்கொண்டு, பிள்ளை போன அன்றே அழுதிருக்க வேண்டிய அழுகையை அழுதார். அவள் ஒரு காலில் செருப்போடு, எங்கே போவதென்று தெரியாதவளாக, வாசலிலேயே நின்றாள்.